4.4 கிராம் கொடுத்தால் எல்லாரும் கெட்டிக்காரர்கள்

வினாத்தாளில் 4.4 கிராம் கார்பன் டை ஆக்சைடைக் கொடுத்து, அதில் எத்தனை மூலக்கூறுகள் என்று கேட்பவர் இளகிய மனசுக்காரர். 44-ஆல் வகுத்தால் 0.1 மோல். அவகாட்ரோ எண்ணில் புள்ளியை ஓரிடம் நகர்த்தினால் 6.022 × 10²². மதிப்பெண் கைக்கு வந்துவிடும். 3.2 கிராம் ஆக்சிஜன், 1.7 கிராம் அம்மோனியா, 7 கிராம் நைட்ரஜன் எல்லாம் இதே குடும்பம்தான். அரசு மேல்நிலைப் பள்ளிகளில் முதுகலை ஆசிரியராக வேதியியல் எடுத்த காலம் முழுக்க, ஒவ்வொரு ஜூன் மாதமும் பதினொன்றாம் வகுப்பை இந்தக் கணக்கோடுதான் தொடங்கினேன். 4.4 கொடுத்தால் வகுப்பில் எல்லாரும் கெட்டிக்காரர்கள். 5 கிராம் குளோரினைக் கொடுத்துப் பார்த்தால்தான் யாருக்கு என்ன புரிந்தது என்று தெரியவரும்.

சரியான விடை 4.24 × 10²². குளோரின் மூலக்கூறில் இரண்டு அணுக்கள். அதனால் 71-ஆல் வகுக்க வேண்டும். வகுப்பில் பாதிப் பேர் 35.5-ஆல் வகுத்து 8.48 × 10²² என்று எழுதுவார்கள். சிலர் வகுக்கவே மாட்டார்கள். 5-ஐ நேரே அவகாட்ரோ எண்ணால் பெருக்கிவிடுவார்கள். கடைசி பெஞ்சிலிருந்து ஓரிரண்டு நோட்டுகள் வரும், அடுக்கில் மைனஸ் போட்டு. அந்த நோட்டை எடுத்துக்கொண்டு நான் கரும்பலகைக்குப் போய்விடுவேன். "தம்பி, நீ எழுதியிருக்கிற வாயுவில் ஒரு மூலக்கூறுகூட முழுசாக இல்லை. அப்புறம் எப்படி அது 5 கிராம் எடை வந்தது?" வகுப்பு சிரிக்கும், அவனும் சிரிப்பான். அடுத்த நாள் மைனஸ் வராது.

நான் பணிக்கு வந்தபோது இந்தக் கணக்கின் பெரிய சுமை வேதியியல் இல்லை, மடக்கை. கிளார்க்ஸ் டேபிளைப் புரட்டி 5-இன் மடக்கை 0.6990, 71-இன் மடக்கை 1.8513, கழித்தால் பார் 2.8477, அதோடு 23.7797-ஐக் கூட்டினால் 22.6274, எதிர்மடக்கை 4.240 என்று ஒரு பக்கம் ஓடும். அந்த 'பார்' எத்தனை பேரைக் கவிழ்த்திருக்கிறது என்பதற்குக் கணக்கே இல்லை. தலைக்கு மேல் கோடு போட்ட எண்ணைக் கழிப்பதா, கூட்டுவதா என்று குழம்பி, கடைசியில் மோலும் மறந்துபோகும், மூலக்கூறும் மறந்துபோகும். ஆனால் அந்த அட்டவணையால் ஒரு லாபம் இருந்தது. எண்ணின் அடுக்கைத் தனியாகவும் இலக்கங்களைத் தனியாகவும் பார்க்கும் பழக்கம் தானாக வந்தது. விடை 22-ஆம் அடுக்கிலா 24-ஆம் அடுக்கிலா என்பதை முதலில் தீர்த்துக்கொண்டு, பிறகுதான் இலக்கங்களைத் தேடுவோம். கையில் செல்போன் வந்த பிறகு பிள்ளைகள் எட்டு இலக்கம்வரை துல்லியமாகத் தப்பு விடை சொல்கிறார்கள்.

இந்தப் பாடம் பதினொன்றாம் வகுப்பில் இருப்பதுதான் அதன் தலைவிதியைத் தீர்மானித்தது. வெளியில் இருப்பவர்களுக்கு இது தெரியாது. தமிழ்நாட்டில் 1978-இல் மேல்நிலைக் கல்வி வந்ததிலிருந்து ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் பொதுத்தேர்வு பன்னிரண்டாம் வகுப்புக்கு மட்டும்தான். பதினொன்றுக்குப் பள்ளித் தேர்வு. கல்லூரிக்குப் போகப் பன்னிரண்டின் மதிப்பெண் போதும் என்றால், பதினொன்றை எதற்கு நடத்த வேண்டும்? தனியார் பள்ளிகள் பல, பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகத்தையே இரண்டு ஆண்டுகள் ஓட்டின. எங்கள் ஊருக்கு அருகிலும் அப்படி ஒரு பள்ளி இருந்தது. அங்கே படித்து மாநில அளவில் பேசப்படும் மதிப்பெண் வாங்கிய ஒரு பெண், கல்லூரியில் சேர்ந்த முதல் மாதம் என் வீட்டுக்கு வந்தாள். "சார், மோல்னா என்ன சார்? அங்க எல்லாரும் அதையே சொல்றாங்க." வேதியியலில் அவள் கிட்டத்தட்ட முழு மதிப்பெண். மின்வேதியியல் சமன்பாடுகளைத் தூக்கத்திலும் சொல்வாள். 8 கிராம் ஆக்சிஜனில் எத்தனை மூலக்கூறுகள் என்று யாரும் அவளிடம் கேட்டதில்லை. திண்ணையில் உட்கார்ந்து ஒரு மாலையில் பிடித்துக்கொண்டாள். கெட்டிக்காரப் பெண். அவளுடைய இரண்டு ஆண்டுகள்தான் வீண்.

2017-18-இல் பதினொன்றுக்கும் பொதுத்தேர்வு வந்தது. 2017-இலிருந்து தமிழ்நாட்டு மருத்துவ இடங்களுக்கு நீட்டும் வந்தது. நீட் நல்லதா கெட்டதா என்பதை இங்கே பேச வரவில்லை. அதற்கு வேறு இடம் வேண்டும். ஆனால் பதினொன்றாம் வகுப்பின் முதல் பாடத்தைத் தேடி வர ஆரம்பித்தார்கள் என்பது மட்டும் நான் கண்ணால் பார்த்தது.

35.5-ஆல் வகுக்கும் பிழைக்கு வருகிறேன். இளம் ஆசிரியர்கள் இதைக் கவனக்குறைவு என்று நினைத்துத் திட்டுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஐரோப்பாவின் பெரிய பெரிய வேதியியலாளர்கள் ஐம்பது ஆண்டுகள் தடுக்கி விழுந்த அதே இடம் இது. இரண்டு பங்கு ஹைட்ரஜனும் ஒரு பங்கு ஆக்சிஜனும் சேர்ந்தால் இரண்டு பங்கு நீராவி வருகிறது என்று கே-லுசாக்கின் அளவீடுகள் காட்டின. ஒரு பங்கு ஆக்சிஜன் இரண்டு பங்கு நீராவிக்கு எப்படிப் போதும்? ஆக்சிஜன் துகள் இரண்டாகப் பிளந்தால்தான் போதும் என்று 1811-இல் இத்தாலியின் அவகாட்ரோ சொன்னார். டால்டன் ஏற்கவில்லை. ஒரே வகை அணுக்கள் ஒன்றோடொன்று எதற்காகச் சேர வேண்டும் என்பது அந்தக் காலத்தின் கேள்வி. அதனால் நீரின் வாய்பாட்டிலேயே ஆளுக்கொரு கணக்கு. ஆக்சிஜனின் எடை 8 என்று ஒருவர், 16 என்று இன்னொருவர். 1860-இல் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ நகரில் வேதியியலாளர்கள் கூடியபோது, கன்னிசாரோ என்ற இன்னொரு இத்தாலியர்தான் அவகாட்ரோவின் கருத்தைத் தூசு தட்டி எடுத்து நிறுத்தினார். கூட்டத்தில் இளைஞர் மெண்டலீவும் இருந்தார். அவகாட்ரோ மட்டும் இல்லை. நான்கு ஆண்டுகளுக்கு முன்பே இறந்துவிட்டார்.

இந்தக் கதையை நான் வகுப்பில் சுருக்காமல் சொல்வேன். ஆக்சிஜனை 16-ஆல் வகுத்தவனுக்கு, தான் டால்டன் கட்சி என்று தெரிந்தால் ஒரு தெம்பு வரும். கதையின் முடிவு அவனுக்கு மறக்காது. ஹைட்ரஜன், நைட்ரஜன், ஆக்சிஜன், ஃபுளூரின், குளோரின் எல்லாம் இரட்டையாக அலைபவை. ஹீலியம், நியான், ஆர்கான் தனியாக அலைபவை. ஓசோன் மூன்று பேர் சேர்ந்தது. காற்றில் பறப்பது எது என்று முதலில் பார், பிறகு வகு. இந்த வாயுக் கணக்கில் வேதியியல் என்று இருப்பது இந்த ஓரிடத்தில்தான். மற்றதெல்லாம் வகுத்தலும் பெருக்கலும்.

ஏன் வகுக்க வேண்டும் என்று கேட்கும் பிள்ளை அபூர்வம். கேட்டால் அந்த வாரம் எனக்குத் திருவிழா. ஹார்டுவேர் கடைக்காரர் ஆணியை எண்ணித் தருவதில்லை, நிறுத்துத் தருகிறார். ஓர் அங்குல ஆணி ஒரு கிலோவில் நிறைய வரும், நான்கு அங்குல ஆணி கொஞ்சம்தான் வரும். ஓர் ஆணியின் எடை தெரிந்தால் ஒரு கிலோவில் எத்தனை என்பது வகுத்தல்தானே? மூலக்கூறு ஒன்றைத் தராசில் வைக்க முடியாது என்பதால், 6.022 × 10²³ எண்ணிக்கை கொண்ட மூட்டையின் எடையை வைத்துக்கொண்டோம். அந்த மூட்டை ஹைட்ரஜனுக்கு 2 கிராம், குளோரினுக்கு 71 கிராம். இதற்கு மேல் மோலை விளக்க எனக்குத் தெரிந்ததில்லை, தேவைப்பட்டதும் இல்லை.

அந்த எண்ணை அவகாட்ரோ கண்டுபிடித்ததாகப் பிள்ளைகள் எழுதுவார்கள். அவருக்கு அந்த எண் தெரியவே தெரியாது. வாயு மூலக்கூறின் அளவை 1865-இல் முதன்முதலில் மதிப்பிட்டவர் ஆஸ்திரியாவின் லோஷ்மிட். 1909-இல் அவகாட்ரோ பெயரை அந்த எண்ணுக்குச் சூட்டியவர் பிரான்சின் பெரின். திரவத்தில் மிதக்கும் நுண்துகள்களை நுண்ணோக்கியில் எண்ணி எண்ணியே அவர் அதை அளந்தார். 1926-இல் நோபல் பரிசு வாங்கினார். 2019 மே 20 முதல் அதை அளக்கும் வேலையும் முடிந்துபோனது. ஒரு மோல் என்றால் 6.02214076 × 10²³, அவ்வளவுதான், இனி மாறாது என்று உலக அளவில் வரையறுத்துவிட்டார்கள். 12 கிராம் கார்பனைச் சுட்டிக்காட்டிய பழைய விளக்கம் ஓய்வு பெற்றது. நம் கணக்கில் மூன்றாவது இலக்கம்கூட அசையவில்லை என்பதால் யாரும் கவனிக்கவில்லை.

காகிதத்தில் மட்டும் நடத்தினால் இது மனசில் நிற்காது. எங்கள் ஆய்வகத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் இரண்டு தட்டுள்ள கெமிக்கல் பேலன்ஸ்கள் இருந்தன. மின்விசிறியை நிறுத்திவிட்டு, எடைகளை இடுக்கியால் எடுத்து வைத்து, ரைடரை நகர்த்தி, முள் நிற்கும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்க வேண்டும். பாடத்திட்டத்தில் வாயுவை நிறுக்கும் சோதனை இல்லை. நானாக ஒன்றைச் சேர்த்துக்கொண்டேன். அதற்குச் சிகரெட் லைட்டர் வேண்டும். பெட்டிக்கடையில் லைட்டர் வாங்கும்போது சார் எப்போதிலிருந்து பிடிக்கிறார் என்று ஊர் பேசியது வேறு கதை.

லைட்டரை நிறுத்துக்கொள்வோம். தொட்டி நீரில் அளவு ஜாடியைக் கவிழ்த்து, அதன் வாய்க்குக் கீழே லைட்டரின் வாயுவைத் திறந்துவிட்டால் குமிழிகள் மேலேறி நீரைக் கீழே தள்ளும். 100 மில்லிலிட்டர் சேர்ந்ததும் நிறுத்தி, உள்ளே வெளியே நீர்மட்டத்தைச் சமமாக்கி, லைட்டரைத் துடைத்துக் காயவைத்து மறுபடி நிறுப்போம். குறைந்த எடைதான் ஜாடியில் இருக்கும் வாயுவின் எடை. பியூட்டேனின் மோலார் நிறை 58. அந்த வெயிலில் 0.22 கிராம் அளவுக்கு வர வேண்டும், 2.3 × 10²¹ மூலக்கூறுகள். சில குழுக்களுக்கு வரும். சிலருக்கு 0.1 கிராம்தான் வரும். லைட்டரின் சக்கரத்துக்குள் நீர் தங்கியிருக்கும், எடை குறையவே குறையாது. மறுநாள் காலை அதே லைட்டரை நிறுத்தால் சரியாக இருக்கும். ஜாடிக்குள் இருப்பது முழுக்கப் பியூட்டேன் இல்லை, நீராவியும் உண்டு என்பதை யாராவது ஒரு பெண் கண்டுபிடிப்பாள். எப்போதும் பெண்தான், ஏனென்று தெரியாது. 30 டிகிரியில் நீராவியின் அழுத்தம் 32 மில்லிமீட்டர் பாதரசம். 760-இல் அது நூற்றுக்கு நான்கு பங்கு. அதைக் கழித்துப் போட்டால் விடை இன்னும் நெருங்கும்.

அந்தச் சோதனையில் அடிபட்டுப்போகும் இன்னொரு மூடநம்பிக்கை 22.4 லிட்டர். ஒரு மோல் வாயு 22.4 லிட்டர் என்று மனப்பாடம் செய்த பிள்ளை, அதை எங்கு பார்த்தாலும் போட்டுவிடும். அது 0 டிகிரி செல்சியசில், ஒரு வளிமண்டல அழுத்தத்தில் உள்ள கணக்கு. எங்கள் ஊரில் 0 டிகிரியைப் பார்த்தவர் யார்? 30 டிகிரியில் ஒரு மோல் ஏறத்தாழ 24.9 லிட்டர். போதாக்குறைக்கு 1982-இல் பன்னாட்டு வேதியியல் அமைப்பான ஐயூபேக், திட்ட அழுத்தத்தை ஒரு வளிமண்டலத்திலிருந்து ஒரு பாருக்கு மாற்றியது. அப்போது அது 22.7 லிட்டர். இன்றும் ஒரு புத்தகத்தில் 22.4, இன்னொன்றில் 22.7. வினாவில் நிறையைக் கொடுத்துவிட்டால் இந்தத் தொல்லை எதுவும் இல்லை. 5 கிராம் குளோரினை ஊட்டியில் வைத்தாலும் வேலூரில் வைத்தாலும், பலூனில் அடைத்தாலும் உருளையில் அழுத்தினாலும் மூலக்கூறு எண்ணிக்கை ஒன்றுதான். வினாவில் வெப்பநிலையையும் சேர்த்துக் கொடுத்து, யார் தேவையில்லாமல் அதைத் தொடுகிறார்கள் என்று பார்ப்பேன். பாதி வகுப்பு தொடும். கொடுத்த எண்ணையெல்லாம் பயன்படுத்தியாக வேண்டும் என்று யாரோ அவர்களுக்குச் சொல்லிவைத்திருக்கிறார்கள்.

வீட்டுக் கணக்காகச் சமையல் எரிவாயு உருளையைக் கொடுத்ததுண்டு. 14.2 கிலோ என்று உருளையிலேயே எழுதியிருக்கும். அதில் எத்தனை மூலக்கூறுகள்? முழுக்கப் பியூட்டேன் என்றால் 1.47 × 10²⁶, முழுக்கப் புரோப்பேன் என்றால் 1.94 × 10²⁶. உள்ளே இருப்பது இரண்டும் கலந்தது. ஆகவே விடை இவற்றுக்கு நடுவில் எங்கோ இருக்கிறது. "எது சார் கரெக்ட்டு?" என்று வந்து நிற்பார்கள். இரண்டு எல்லைகளைச் சொல்வதும் ஒரு விடைதான் என்பதை ஏற்கவைக்கப் படாதபாடு படவேண்டும். அதற்கடுத்து, கசிவு தெரிவதற்காகச் சேர்க்கும் எத்தில் மெர்காப்டன். காற்றில் நூறு கோடியில் ஒரு பங்கு இருந்தாலே மூக்கு கண்டுபிடித்துவிடும். அவ்வளவு குறைவாக இருக்கும்போதும், ஒரு லிட்டர் காற்றில் அந்த மூலக்கூறுகள் 24 லட்சம் கோடி. இதைக் கேட்டதும் வகுப்பில் விழும் அமைதிக்காகவே ஆண்டுதோறும் இந்தக் கணக்கைக் கொடுத்தேன்.

நீட் பயிற்சி மையங்கள் பெருகிய பிறகு என் வகுப்புக்கு வேறு வகைப் பிள்ளைகள் வந்தார்கள். வினாவைப் படிக்கும் முன்பே விடையைத் தேடும் பிள்ளைகள். 2020 நீட் தேர்வில் மக்னீசியம், ஆக்சிஜன், லித்தியம், வெள்ளி ஒவ்வொன்றிலும் ஒரு கிராம் கொடுத்து, எதில் அணுக்கள் அதிகம் என்று கேட்டார்கள். எந்த எண்ணாலும் வகுக்கவே வேண்டாம். அணு நிறை குறைந்தது எதுவோ அதில்தான் அதிகம். லித்தியம். அழகான கேள்வி. ஆனால் பயிற்சி மையத்தில் முக்கோணம் வரைந்து, மேலே நிறை, கீழே மோல் என்று மூடித் திறந்து பழகிய பிள்ளைகள் நான்கையும் கணக்குப் போட்டு நேரத்தை இழந்தார்கள். கேள்வியில் 'அணுக்கள்' என்பதை 'மூலக்கூறுகள்' என்று மாற்றினால் ஆக்சிஜனின் பங்கு என்னவாகும் என்று அடுத்து கேட்டேன். முக்கோணம் அங்கே உதவவில்லை.

2021 மே மாதத்தில் இந்தக் கணக்கு வீதிக்கு வந்தது. செய்தித்தாளில் ஆக்சிஜன் மெட்ரிக் டன்னில் வந்தது. மருத்துவமனை வாசலில் உருளைகள் கன மீட்டரில். படுக்கையருகே நிமிடத்துக்கு இத்தனை லிட்டர். மூன்றும் ஒரே பொருள்தானா என்று பலருக்குத் தெரியவில்லை. என்னிடம் படித்து, உருளை விநியோகத்தில் வேலை பார்த்த ஒரு பையன் இரவில் அழைத்தான். "சார், ஒரு டன் வருதுன்னு சொல்றாங்க. எத்தனை பேருக்கு சார் ஆகும்?" அவனையே போடச் சொன்னேன். பத்து லட்சம் கிராமை 32-ஆல் வகுத்தால் 31,250 மோல். மோலுக்கு 24.9 லிட்டர் என்றால் ஏறத்தாழ 7 லட்சத்து 78 ஆயிரம் லிட்டர். நிமிடத்துக்கு 10 லிட்டர் என்றால் ஒரு நோயாளிக்கு ஒரு நாளைக்கு 14,400 லிட்டர். கசிவையும் ஆவியாகும் இழப்பையும் விட்டுவிட்டால் 54 பேருக்கு ஒரு நாள். 7 கன மீட்டர் உருளை ஒன்று அதே வேகத்தில் பன்னிரண்டு மணி நேரம்கூட வராது. "32-ஆலதானே சார் வகுக்கணும், 16-ஆல இல்லையே?" என்று கேட்டுவிட்டுத்தான் போனை வைத்தான். 16-ஆல் வகுத்திருந்தால் 108 பேர் என்று வந்திருக்கும்.

அந்த ஜூனில் வகுப்புகள் செல்போனில் நடந்தன. குளோரினை விட்டுவிட்டு ஆக்சிஜனில் தொடங்கினேன். நான் நடத்திய கடைசி முதல் பாடம் அது. யாரும் 16-ஆல் வகுக்கவில்லை. எல்லார் வீட்டிலும் அந்தப் பேச்சுதான் ஓடிக்கொண்டிருந்தது.

ஓய்வு பெற்ற பிறகும் பள்ளிகளுக்குக் கூப்பிட்டால் போகிறேன். ஆய்வகத்தில் கெமிக்கல் பேலன்ஸ்கள் கண்ணாடிப் பெட்டிக்குள் அப்படியே தூசியோடு இருக்கின்றன. அருகே மின்னணுத் தராசு, பெரும்பாலும் பேட்டரி இல்லாமல். பாடப்புத்தகம் முன்னைவிடப் பல மடங்கு நன்றாக இருக்கிறது, அதைச் சொல்லியாக வேண்டும். நேரம்தான் இல்லை என்கிறார்கள் ஆசிரியர்கள். புதிதாகப் பதினொன்றாம் வகுப்பு எடுக்க வரும் தம்பி தங்கைகளிடம் ஒன்று கேட்கிறேன். முதல் பாடத்தை ஒரு வாரத்தில் முடித்துவிட்டு அணு அமைப்புக்கு ஓடாதீர்கள். மூன்று வாரம் கொடுங்கள். 4.4 கிராமை வினாத்தாள் தயாரிப்பவருக்கே விட்டுவிடுங்கள்; உங்கள் வகுப்பில் 5 கிராம் குளோரினைப் போடுங்கள், தராசுக்குப் பேட்டரியும் வாங்கிப் போடுங்கள்.